இளமையும் ஒரு குறையா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், இத்தலைநகரின் மயூர் விஹாரில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். நமக்கு நெடுநாட் பழக்கமான குடும்பம். நண்பருக்கு வயது 51. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 26 ஆண்டுகள் உழைத்தவர். அவர் எழுதிய கணக்கில் பிழை கண்டதாக அந்நிறுவனத்தார் ஒருநாளும் கூறியதில்லை. ஆயினும் மூன்று மாதங்களுக்கு முன்பு அவரை அழைத்து, இளையவர்களுக்கு வழிவிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று இனிய சொற்களால் எடுத்துரைத்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிட்டனர்.

நண்பரின் மகளுக்கு வயது 23. வணிகவியலில் பட்டம் பெற்றவள். கணக்கியல் தேர்வுகள் சிலவற்றிலும் தேறியிருக்கிறாள். தந்தை வேலையின்றி வீட்டில் அமர்ந்திருந்த அதே மூன்று மாதங்களில் அவள் ஏழு நிறுவனங்களின் படிகளை ஏறி இறங்கினாள். ஏழிடத்தும் ஏறத்தாழ ஒரே விடைதான் கிடைத்தது. மதிப்பெண் நன்று, பேச்சும் நன்று, ஆனால் மூன்றாண்டு அனுபவம் உள்ளவரையே எதிர்பார்க்கிறோம் என்றனராம்.

காபி கொண்டுவந்து வைத்த அப்பெண் நம்மிடம் சொன்ன சொற்கள் இன்னும் நம் செவியை விட்டு அகலவில்லை. "மாமா, அப்பாவுக்கு அனுபவம் மிகுதியாம், எனக்கு அனுபவம் போதாதாம். எங்கள் இருவரில் யாரைப் பார்த்தும், 'உனக்குக் கணக்கு எழுதத் தெரியுமா' என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை" என்றாள்.

நண்பர் தலைகுனிந்தவாறு காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். நமக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. அந்த விடையைத் தேடியே இம்மாதம் இப்பகுதியை எழுத முற்பட்டோம்.

வயது காரணமாகத் தொழிலிடத்தில் காட்டப்பெறும் பாகுபாடு என்றவுடன் நரைத்த தலையினர் படும் துன்பமே நம் நினைவுக்கு வருகின்றது. அது மெய்யான துன்பந்தான். நம் நண்பரின் முகமே அதற்குச் சான்று. ஆனால் அவரை அளந்த அதே கோல் இளையவரையும் எவ்வாறு அளக்கின்றது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. ஆதலின், அடுத்த ஞாயிறன்று நம் சங்கத்து நூலக அறையில் இளைஞர் பதினைவரைக் கூட்டி, பெரியவர்கள் குறுக்கிடாமல் கேட்பது என்ற ஒரே நிபந்தனையுடன் அவர்களைப் பேசச் சொன்னோம். அந்நிபந்தனையைக் காப்பது நமக்கு எளிதாக இருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

வந்தவர்களுள் இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு. நொய்டாவிலும் குருகிராமிலும் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோர் உண்டு. மதுரையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து, பழைய இராஜேந்திர நகரில் ஓர் அறையை மூவராகப் பகிர்ந்துகொண்டு, ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும் உண்டு. அவர்கள் சொன்னவற்றை மூன்றாகத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, வாயிலிலேயே தடுக்கப்படுவது. அனுபவம் இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு அனுபவம் எங்கிருந்து வரும்? நீந்தக் கற்ற பிறகே ஆற்றில் இறங்கலாம் என்பது போன்ற விதி இது. இளைஞரின் மனக்குறையை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட இயலாது. மத்திய அரசு நடத்திய 2023-24-ஆம் ஆண்டுக்கான தொழிலாளர் ஆய்வின்படி, உழைக்க முன்வந்த 15 முதல் 29 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 10.2 பேர் வேலையின்றி இருந்தனர். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வெண் 3.2 மட்டுமே. இவ்வேற்றுமை முழுவதும் வயதுப் பாகுபாட்டால் விளைந்தது என்று நாம் கூறவில்லை. படிப்புக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தமின்மை, வேலைகளின் பற்றாக்குறை முதலிய காரணங்களும் உள. ஆயினும் வேலையின்மையின் சுமை யார் தோளில் மிகுதியாக அழுத்துகின்றது என்பதை அந்த இரண்டு எண்களும் தெளிவாகக் காட்டுகின்றன.

இரண்டாவது, உள்ளே சென்ற பின்னர் நேர்வது. நொய்டாவில் பணிபுரியும் 25 வயது இளைஞர் ஒருவர், தாம் கூட்டமொன்றில் சொன்ன யோசனையை, "தம்பி, நீ வந்து எத்தனை நாளாயிற்று?" என்ற ஒரே கேள்வியால் ஒதுக்கிவிட்டதையும், அதே யோசனையை ஒரு மாதம் கழித்து மூத்தவர் ஒருவர் சொன்னபோது அனைவரும் தலையசைத்து ஏற்றதையும் கூறினார். மற்றோர் இளைஞர், பொங்கலுக்கு ஊர் செல்ல விடுப்புக் கேட்கும்போதெல்லாம், "உனக்கென்ன குடும்பமா, குழந்தையா?" என்று சொல்லி இரவுப் பணியைத் தமக்கே தருகின்றனர் என்றார். மணமாகாத பிள்ளைக்கு ஊரில் தாய் தந்தையர் காத்திருப்பது குடும்பக் கணக்கில் சேராது போலும்.

பெண்மக்களின் நிலை இதனினும் இடரானது. 27 வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, "22 வயதில் அனுபவம் இல்லை என்றார்கள். இப்போது திருமணம் எப்போது என்று கேட்கிறார்கள். 32 வயதில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார் என்பார்கள். 42-இல் சுறுசுறுப்புப் போதாது என்பார்கள். எனக்கு ஏற்ற வயது எதுவென்று அவர்களையே கேட்டால் அவர்களுக்கும் தெரியாது" என்றாள். அறையில் சிரிப்பொலி எழுந்தது. ஆனால் அங்கிருந்த பெண்கள் எவரும் சிரிக்கவில்லை.

பெண்ணின் வயதையும் மணவாழ்வையும் சேர்த்து எடைபோடும் வழக்கம் ஒரு காலத்தில் எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் 35 வயதிலோ, பணியில் சேர்ந்து நான்காண்டுகளுக்குள் மணம் புரிந்தாலோ, முதன்முறை கருவுற்றாலோ, இவற்றுள் எது முந்துகின்றதோ அப்போதே ஓய்வுபெற வேண்டும் என்பது விதி. நிர்வாக இயக்குநர் விரும்பினால் 45 வயதுவரை நீட்டிக்கலாம். விமானத்தில் உடன் பணிபுரிந்த ஆடவர்க்கோ ஓய்வு வயது 58. நர்கேஷ் மிர்சா முதலிய பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில் 1981-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவுற்றவுடன் வெளியேற்றும் விதியையும், இயக்குநரின் மனம்போல் நீட்டிக்கும் அதிகாரத்தையும் செல்லாதவை என்று நீக்கியது. நான்காண்டுக்குள் மணம் புரியலாகாது என்ற விதியை நீக்கவில்லை. அவ்விதிப் புத்தகம் இன்று பழங்கதை. ஆயினும் அதில் எழுதியிருந்த கேள்வி, பேட்டி அறைகளில் வாய்மொழியாக இன்னும் உலவுகின்றது என்பதே அப்பெண் சொன்னதன் பொருள்.

மூன்றாவது, கடிகாரத்தின் அச்சம். இராஜேந்திர நகரிலிருந்து வந்த இளைஞர் ஒருவருக்கு வயது 31. ஆட்சிப் பணித் தேர்வுக்குப் பொதுப் பிரிவினர்க்கு வயது 21-இலிருந்து 32 வரை. எழுதும் வாய்ப்பு ஆறு. வங்கி அதிகாரித் தேர்வுகளுக்குப் பொதுவாக 30-உடன் கதவு அடைபடுகின்றது. "ஆறு முறையும் தேறாமற்போனால் எனக்கு வருத்தம் இருக்கும், ஐயா, ஆனால் அவமானம் இராது. பிறகு வேறு வேலை தேடிப் போனால், 'இத்தனை ஆண்டும் என்ன செய்தாய்' என்று கேட்பார்களே, அதை நினைத்தால்தான் உறக்கம் வருவதில்லை" என்றார் அவர். அரசு வேலைக்கு வயது கடந்தவராகவும், தனியார் வேலைக்கு அனுபவமற்றவராகவும் ஒருவரே ஒரே நாளில் ஆகிவிடுகிறார்.

கொரோனாக் காலம் இக்கடிகாரத்தின் கொடுமையை நன்கு காட்டியது. நோய்ப்பரவலின் காரணமாக ஈராண்டுகள் இராணுவத்துக்கு ஆள்சேர்ப்பு நடைபெறவில்லை. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவிக்கப்பெற்ற அக்கினிபத் திட்டத்தில் உச்ச வயது 21 என்றிருந்தது. வடமாநிலங்களில் பெருங்கிளர்ச்சி எழுந்த பின்னர், அவ்வாண்டுக்கு மட்டும் 23 என்று உயர்த்தப்பட்டது. 2020 அக்டோபரில் தம் கடைசி வாய்ப்பை எழுதிய ஆட்சிப் பணித் தேர்வர்கள் மற்றுமொரு வாய்ப்புக் கேட்டு உச்ச நீதிமன்றம் சென்றனர். 2021 பிப்ரவரியில் அக்கோரிக்கை தள்ளுபடியாயிற்று. உலகமே நின்ற காலத்தும் வயது மட்டும் நிற்காமல் ஓடியது.

நிற்க.

வயது வரம்பு என்பது இன்று நேற்று முளைத்ததன்று. 1869-ஆம் ஆண்டு இலண்டனில் ஐ.சி.எஸ். தேர்வில் தேறிய சுரேந்திரநாத் பானர்ஜியின் பெயரை, வயதில் ஐயம் என்று சொல்லி நீக்கினர். பிறந்த நாளிலிருந்தன்றிக் கருவுற்ற நாளிலிருந்து வயதை எண்ணுவது இந்துக்களின் வழக்கம் என்று எடுத்துக்காட்டி, நீதிமன்றம் வரை சென்று அவர் தம் உரிமையை மீட்டார். பின்னர் 1870-களில், அத்தேர்வின் உச்ச வயதை 21-இலிருந்து 19-ஆகக் குறைத்தனர். எழுதிய தாளில் அவ்விதி வெள்ளையர்க்கும் இந்தியர்க்கும் ஒன்றுதான். ஆனால் தேர்வோ இலண்டனில் நடப்பது, வேற்றுமொழியில் எழுதுவது. கடல் கடந்து சென்று 19 வயதுக்குள் அதில் தேறுவது இந்தியப் பிள்ளை எத்தனை பேருக்கு இயலும்? 1877-இல் சுரேந்திரநாதர் நகர் நகராகச் சென்று இதனை எதிர்த்து மக்களைத் திரட்டினார். பின்னர் ஐட்சிசன் குழு 23 வயது வரை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது.

இவ்வரலாற்றை எடுத்துரைப்பது இன்றைய வரம்புகளும் அதே உள்நோக்கம் உடையவை என்று குற்றஞ்சாட்டுவதற்காக அன்று. இன்றைய அரசு, பிற்படுத்தப்பட்டோர்க்கு மூன்று ஆண்டும் பட்டியல் வகுப்பினர்க்கு ஐந்து ஆண்டும் தளர்த்தித் தருகின்றது. ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுபவன் தொடங்குவதற்கே காலம் தாழ்கின்றது என்பதை அரசே உணர்ந்திருக்கின்றது என்பதற்கு இத்தளர்வு அடையாளம். நாம் சொல்ல வந்தது இதுவே: வயதைக் குறிக்கும் எண் நடுநிலையானதுபோல் தோன்றும், அந்த எண்ணால் வெளியே நிற்பவர் யார் என்று பார்த்தால்தான் அதன் நடுநிலை விளங்கும்.

சட்டத்தின் துணை உண்டா என்றும் இளைஞர் கேட்டனர். நம் அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், குடிவழி, பிறந்த இடம், வாழும் இடம் ஆகியவற்றால் அரசுப் பணியில் வேற்றுமை காட்டலாகாது என்கின்றது. வயது அப்பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டிலேயே வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் இயற்றினர். எனினும் அது 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவரையே காக்கின்றது. இளையவரை ஒதுக்கி மூத்தவருக்குச் சலுகை தருவதை அச்சட்டம் தடுக்காது என்று 2004-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் விளக்கிவிட்டது. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டு வந்த விதிகளோ இளையவர், முதியவர் இரு திறத்தாரையும் ஒருங்கே கருதின. சட்டம் செய்வோரிடத்தும் இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பது இதனால் பெறப்படும்.

இளைஞர் அனைவரும் ஒரே குரலில் பேசினர் என்று அன்பர்கள் எண்ண வேண்டா. தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நேர்ந்தால் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும் என்னும் கொள்கை, 1953-இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்க்கப்பெற்றது. 2020-இல் இயற்றப்பெற்ற தொழில் உறவுகள் தொகுப்பிலும் இடம்பெற்றது. "இது இளையவர் வயிற்றில் அடிப்பதல்லவா?" என்றார் ஒருவர். "இல்லை. 24 வயதில் எனக்கு வேறு வேலை கிடைக்கும். 50 வயதுத் தொழிலாளிக்கு யார் கொடுப்பார்?" என்று மறுத்தார் மற்றொருவர்.

ஓய்வு வயதைப் பற்றியும் இவ்வாறே வாதம் எழுந்தது. மத்திய அரசு ஊழியர்க்கு 1962-இல் 55-இலிருந்து 58 ஆகவும், 1998-இல் 60 ஆகவும் ஓய்வு வயது உயர்ந்தது. தமிழ்நாட்டு அரசு 2020-இல் 59 என்றும், மறு ஆண்டு 60 என்றும் உயர்த்தியது. "ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும் எங்களுக்கான நாற்காலி தள்ளிப்போகின்றது" என்றார் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர். தருமபுரி இளைஞரோ, "அந்த இரண்டு ஆண்டுச் சம்பளத்தில்தான் என் தந்தை என்னை இங்கே படிக்க வைத்தார்" என்று மெல்லச் சொன்னார். அதன் பிறகு சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

அந்த மௌனத்தில்தான் நமக்கு ஓர் உண்மை விளங்கிற்று. இப்பிள்ளைகள் முதியவரின் இடத்தைப் பறிக்க விரும்பவில்லை. வயதின் பெயரால் காட்டப்பெறும் எல்லா வேற்றுமையையும் அவர்கள் அநீதி என்று சொல்லவுமில்லை. தந்தைக்கு இழைத்த அநீதியும் மகளுக்கு இழைத்த அநீதியும் இரண்டல்ல, ஒன்றே என்கிறார்கள். வேலையைப் பார்த்து ஆளை மதிப்பிடுவதற்குப் பொறுமையும் உழைப்பும் வேண்டும். பிறந்த ஆண்டைப் பார்த்து மதிப்பிடுவதற்கு ஒன்றும் வேண்டா. எளிய வழியை நிர்வாகம் எடுத்துக்கொள்கின்றது. அதன் விலையை இரு தலைமுறையும் கொடுக்கின்றன.

"நாங்களும் இளமையில் பொறுத்திருந்தோம், இவர்களும் பொறுக்கட்டும்" என்பது பெரியவர்கள் பலரின் விடை. நாமும் அவ்வாறு சொன்னவர்தாம். ஆனால் உண்மையில் நாம் அத்தனை பொறுத்திருந்தோமா? 1960-களில் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழையும் தட்டெழுத்து ஹையர் சான்றிதழையும் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி இந்நகரில் வந்திறங்கிய தமிழ்ப் பிள்ளைகளின் வயது என்ன? பத்தொன்பது, இருபது. வயது வரம்பு அன்றும் இருந்தது. ஆயினும் மூன்றாண்டு அனுபவம் கொண்டுவா என்று அவர்களை யாரும் திருப்பி அனுப்பவில்லை. சுருக்கெழுத்தில் நிமிடத்துக்கு எத்தனை சொல் எழுதுவாய் என்று கேட்டனர். ஒரு தாளைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னார்கள். எழுதிக் காட்டியவன் மறுநாளே மேசைக்கு முன் அமர்ந்தான். நமக்குக் கிடைத்த அந்தத் தாளையும் பென்சிலையும் நம் பிள்ளைகளுக்குத் தர மறுப்பது எவ்வகையில் நியாயம்?

கரிகாற் சோழனைப் பற்றிப் பழமொழி நானூறு குறிப்பிடும் செய்தியை அன்பர்கள் அறிவர். வழக்குரைக்க வந்த முதியவர் இருவர், அரியணையில் இளைஞன் இருப்பதைக் கண்டு, இவனால் நீதி கூற இயலுமோ என்று தயங்கினர். அரசன் நரைமுடி தரித்து முதியோன் கோலத்தில் வந்து தீர்ப்பு வழங்கினான்; அவர்கள் மனநிறைவுடன் ஏற்றனர். சோழனின் அறிவைப் போற்றவே நாம் இக்கதையைச் சொல்லிவருகிறோம். ஆனால் அந்த முதியவர்களின் பக்கமிருந்து பார்த்தால் இது நமக்குச் சற்று நாணம் தரும் கதை. அறிவு மாறவில்லை, மாறியது முடியின் நிறம் ஒன்றே.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. தந்தையின் உத்தியோகத்தின் பொருட்டு லாகூரில் குடியிருந்த தமிழ்க் குடும்பத்தில் 1910-ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். நம்மைப் போலவே வெளியூர்த் தமிழரின் பிள்ளை. 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலில் இருந்தவாறே, விண்மீன்களின் முடிவைப் பற்றிய கணக்கை அவர் போட்டார். 1935-இல் இலண்டன் அறிஞர் அவையில் அக்கருத்தை அவர் எடுத்துரைத்தபோது, புகழ்பெற்ற எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். அதற்கு அவரது இளமை மட்டுமே காரணம் என்று நாம் துணிந்து சொல்ல மாட்டோம். 1983-ஆம் ஆண்டு, விண்மீன்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு நோபெல் பரிசு வந்தபோது வயது 73. 19 வயதில் சரியாக இருந்த கணக்கு 73 வயதிலும் சரியாகவே இருந்தது.

பிறரைக் குறை கூறுவது எளிது. இனி நம் குறையைச் சொல்லிவிடுகிறோம்.

ஈராண்டுக்கு முன்பு, நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைக் கணினியில் ஏற்றி, உறுப்பினர் எவரும் பார்க்குமாறு செய்யலாம் என்று ஒரு பெண் முன்வந்தாள். ஊதியம் எதுவும் வேண்டா என்றாள். அப்போது அவளுக்கு வயது 21. செயற்குழுவில் நாம் அனைவரும் புன்னகை புரிந்தோம். "பார்க்கலாம் அம்மா. முதலில் பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டியை நீ கவனித்துக்கொள்" என்று சொன்னவர்களுள் நாமும் ஒருவர். அந்தப் 'பார்க்கலாம்' இன்றுவரை பார்க்கலாமாகவே இருக்கின்றது. அப்பெண் வேறு யாருமல்லள். மயூர் விஹாரில் நமக்குக் காபி கொண்டுவந்து வைத்தவளே. அன்று நாம் இசைந்திருந்தால், இன்று அவள் கையில் ஈராண்டு அனுபவத்துக்கான சான்றிதழ் இருந்திருக்கும். ஏழு நிறுவனங்களின் மீது குறை சொன்னாளே ஒழிய, எட்டாவதாக நம்மை அவள் சேர்க்கவில்லை. அது அவளது பெருந்தன்மை.

நாற்காலி அடுக்கவும், ஒலிபெருக்கி கட்டவும், பந்தியில் பரிமாறவும் நமக்கு இளைஞர் வேண்டும். செயற்குழுவில் வாக்களிக்க மட்டும் அவர்களுக்கு வயது போதாது. இதனை விதியாக நாம் எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதாமலே காத்துவருகிறோம்.

நாம் இந்நகரில் கட்டிய கோயில்களுள் தலைசிறந்தது இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். 1973-இல் குடமுழுக்குக் கண்ட அக்குன்றின்மேல் நாம் எழுந்தருளச் செய்திருப்பது யாரை? தந்தைக்கே பொருள் உரைத்த சுவாமிநாதனை. பிள்ளை ஆசனத்தில் இருக்க, தந்தை மாணவனாகிக் கேட்ட கோலத்தை எண்ணிக் கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு படி இறங்குகிறோம். வீட்டுக்கு வந்ததும், "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்கிறோம். கோயிலில் ஏற்றதை வீட்டிலும் சங்கத்திலும் ஏற்றால் என்ன?

ஆகவே மூன்று யோசனைகளை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

செயற்குழுவில் 30 வயதுக்கு உட்பட்ட இருவர்க்கு, அவருள் ஒருவர் பெண்ணாக, வாக்குரிமையுடன் இடம் தருதல் வேண்டும். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இத்தீர்மானத்தை நாமே முன்மொழிவோம். அதற்காக நம் இடத்தை விட்டுக்கொடுக்கவும் இசைகிறோம்.

சங்கத்தின் கணக்கு, நூலகம், இவ்விதழின் அச்சுப் பணி ஆகியவற்றை இளைஞர்களிடம் முறையாக ஒப்படைத்து, சிறு தொகையேனும் ஊதியமாகக் கொடுத்து, செய்த பணியைக் குறித்து எழுத்தில் சான்றிதழ் வழங்குதல் வேண்டும். அனுபவம் கேட்கும் உலகுக்கு அவர்கள் காட்டுவதற்கு அது ஒரு தொடக்கமாகும்.

மூன்றாவது, நம்முள் தொழில் நடத்துவோரையும், ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ளோரையும் நோக்கியது. வேலைக்கான விளம்பரத்தில் ஆண்டுகளின் எண்ணிக்கையை எழுதுமுன், அரை நாள் வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். வருபவர் 23 வயதினராயினும் 51 வயதினராயினும், கொடுத்த வேலையை முடித்துக் காட்டட்டும். பிறகு முடிவு செய்யுங்கள்.

சென்ற வாரம் மீண்டும் மயூர் விஹாருக்குச் சென்றிருந்தோம். நண்பருக்கு இன்னும் வேலை அமையவில்லை. வரிக் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் முறையை மகளிடம் கற்றுக்கொண்டிருந்தார். பழைய பேரேடு ஒன்றைப் புரட்டி, தவறு எங்கே ஒளிந்திருக்கும் என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டும் இருந்தார். நாம் சங்கத்தின் சென்ற ஆண்டு வரவு செலவு அறிக்கையை மேசைமேல் வைத்து, ஈராண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்பெண்ணிடம் கேட்டோம்: "அம்மா, உனக்குக் கணக்கு எழுதத் தெரியுமா?"

அவள் கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் தாள்களைப் பார்த்தாள். பிறகு தந்தையிடம் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினாள்; அவரும் தலையசைத்தார். "மாமா, நான்காம் பக்கத்தில் கூட்டல் பிழை இருக்கிறது" என்றாள்.

இருந்தது. அவ்வறிக்கையின் கீழ்க் கையெழுத்திட்ட ஐவருள் நாமும் ஒருவர். ஐவரில் எவருக்கும் வயது 60-க்குக் குறைவில்லை. திருத்திய கணக்கு அடுத்த இதழில் வெளிவரும்.